வேதவாசிப்பும் வாவிக்கரை வாழ்க்கையும்

“மாமா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போறது சரி, அது குடும்பத்துப் பழக்கம்; ஆனா நாளும் பொழுதும் அந்த வேதப் புத்தகத்த எடுத்து வாசிக்கிறதால நம்மட வாழ்க்கைக்கு என்ன பிரயோசனம்?” என்று என் சகோதரியின் மகன் அண்மையில் என்னிடம் கேட்டான். கேலிக்காகக் கேட்ட கேள்வியன்று அது. கணக்கும் விஞ்ஞானமும் கற்று, சொந்த உழைப்பில் குடும்பம் நடத்துகின்ற ஓர் இளைஞன், தன் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது, எதை விட்டுவிடுவது என்று மெய்யாகவே யோசித்துக் கேட்ட கேள்வி. ஆகையால் ஒற்றை வாக்கியத்தில் மறுமொழி சொல்லித் தப்பித்துக்கொள்வது மரியாதையன்று என்று கருதி, தகப்பன் வழியில் மெதடிஸ்த சபையிலே ஞானஸ்நானம் பெற்றவனும், தாய்வழி உறவினரோடு கண்ணகை அம்மன் சடங்குக்குப் போய் வளர்ந்தவனுமாகிய நான், என் மனத்திற்குப் பட்டவற்றைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். திருநூல் ஒன்றைப் பலர் கூடியிருக்க உரத்து வாசிப்பது, நம் மட்டக்களப்பு நாட்டுக்குப் பாதிரிமார் கொண்டுவந்து தந்த வழக்கமன்று. வைகாசி மாதத்திலே கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து சடங்கு நடைபெறும் நாட்களில் வழக்குரை காதை பாடப்படுவதையும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு முந்திய நாட்களில் பாரதக் கதை படிக்கப்படுவதையும் கேட்டவர்கள், எழுத்தறியாத பாட்டிமார்கூட அடுத்த அடி இன்னதென்று அறிந்து முன்கூட்டியே கண்கலங்கி இருப்பதைக் கண்டிருப்பார்கள். நீதி தவறிய அரசனின் சபையிலே ஒரு பெண் தனியாக நின்று வழக்குரைத்தாள் என்ற கதையை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த ஒரு சமூகம், அதிகாரத்தை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை அந்தக் கதையிலிருந்தே கற்றுக்கொண்டது. இதனால் என்ன லாபம் என்று சடங்குப் பந்தலில் எவரும் கேட்டதில்லை. ஏனெனில் லாபம் என்ற சொல்லுக்குள் அடங்காத ஒன்று அங்கே நிகழ்கின்றது என்பது கேட்டிருந்தோர் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

கிறிஸ்தவ வேதாகமத்தின் பிரயோசனமும் இந்த வகையைச் சேர்ந்தது என்பதே என் அபிப்பிராயம். அது தன்னையும் பிறரையும் அளந்து பார்க்க ஓர் அளவையும், துக்கத்திலே நாவெழாமல் நிற்கும்போது சொல்லுவதற்குச் சில சொற்களையும் தருகின்றது. அதற்கு அப்பால், பரீட்சையில் தேறுவதற்கும் விசா கிடைப்பதற்கும் அதை ஒரு கருவியாகக் கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்த நூல் நமக்கு வந்த வரலாற்றை ஒரு சிறிது நினைத்துக்கொள்வோம். 1814ஆம் ஆண்டிலே, தலைவராகப் புறப்பட்ட தோமஸ் கோக் நடுக்கடலிலேயே இறந்துபோக, எஞ்சி வந்து இலங்கையில் கரையிறங்கிய வெஸ்லியன் பாதிரிமாருள் வில்லியம் ஓல்ட் என்பவர் தனியாக மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே நோயுற்று இங்கேயே மரித்தார். ஓராண்டுகூட நிறையாத அந்தச் சேவையின் ஞாபகமாக இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரி நிற்கின்றது. தமிழ் வேதாகமமோ அதற்கும் நெடுங்காலத்துக்கு முன்பே பலர் கைபட்டுத் திருந்திக்கொண்டிருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715இல் வெளிவந்தது. நம் தீவிலேயே பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் ஆறுமுக நாவலர். நாவலர் பெருமான் அந்த நூலை வரிவரியாகக் கற்றார். கற்றும் சைவராகவே நின்றார். நின்று, கற்றதன் பலத்தாலேயே பாதிரிமாரோடு வாதிட்டார். காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பின்னர் இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார். வேதாகமத்தை வாசிப்பவன் மதம் மாறியே தீரவேண்டும் என்ற அச்சமும், மதம் மாறாதவனுக்கு அதில் யாதும் இல்லை என்ற எண்ணமும் ஆதாரமற்றவை என்பதற்கு இந்தப் பெரியோரின் ஜீவியமே போதுமான சான்று.

இனி, வாசிப்பென்று நம்மிடையே இன்று நடமாடுவதைப் பார்ப்போம். புதுவருட ஆராதனையிலே வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் ஒரே வசனத்தை ஆண்டு முழுவதற்கும் தனக்குரிய வரமாகக் கொள்ளுதல். ஓட்டோவின் பின்புறத்திலும் கடையின் முகப்பிலும் ஒட்டிய வசனத்தைக் காப்புக்கயிறாக நம்புதல். சங்கடம் வந்தபோது கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல்பட்ட இடத்தைக் குறியாக எடுத்தல் ஆகியவையே பெரும்பாலும் வேதவாசிப்பு என்ற பெயரோடு உலவுகின்றன. இவற்றைச் செய்வோரின் பக்தியை நான் இகழவில்லை. துன்பம் மிகுந்த வீட்டிலே ஒரு வசனம் சுவரில் தொங்குவதும் ஆறுதலே. ஆயினும் வசனத்தை அதன் அதிகாரத்திலிருந்து பிய்த்தெடுக்கும்போது, நமக்கு இனிப்பானது மாத்திரம் கையில் தங்கி, நம்மிடம் ஏதேனும் கேட்பது நழுவிவிடுகின்றது.

அந்த அட்டைகளில் மிகுதியாகக் காணப்படுவது, எரேமியா இருபத்தொன்பதாம் அதிகாரத்தில் வருகின்ற, நன்மையான எதிர்காலத்தைத் தேவன் நினைத்திருக்கின்றார் என்னும் வாக்கு. அது யாருக்குச் சொல்லப்பட்டது? நகரம் வீழ்ந்து, சிறைபிடிக்கப்பட்டு, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்று இனிக்கப் பேசிய போலித் தீர்க்கதரிசிகளை மறுத்து, எழுபது வருஷம் செல்லும் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதுவரையில் அந்த அந்நிய ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைகொண்டுபோன பட்டணத்தின் சமாதானத்துக்காகவே பிரார்த்தனை செய்யுங்கள் என்று அவர் கட்டளையிட்ட பின்னரே அந்த வாக்கு வருகின்றது. யுத்தத்தால் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து கூடாரத்திலே காலங்கழித்தவர்களும், இன்று தொரொன்றோவிலும் இலண்டனிலும் குடியேறி ஊரை நினைத்து ஏங்குகின்ற நம் உறவினரும் அந்த அதிகாரத்தை முழுமையாக வாசிப்பார்களானால், அட்டையிலே கிடைக்காத ஓர் உபதேசம் அவர்களுக்குக் கிடைக்கும். எங்கே இருக்கின்றாயோ அங்கே தோட்டம் வை என்ற அந்தச் சொல், திரும்பிப் போகும் நாளுக்காகக் காத்துக்காத்துக் கையிலிருக்கும் வாழ்வை வீணாக்குகின்ற ஒருவனுக்கு, நாளாந்த ஜீவியத்தில் எவ்வளவு பெரிய பிரயோசனம்!

நான் திரும்பத் திரும்ப வாசிப்பது ரூத்தின் சரித்திரம். நான்கே அதிகாரங்களைக் கொண்ட அந்தச் சிறு நூலை, நம் வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையின் வயல்களை அறிந்த ஒருவர் வாசிப்பதற்கும், வேறு ஒருவர் வாசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பெத்லகேமிலே பஞ்சம் வந்ததனால் மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப்போன நகோமி, அங்கே கணவனையும் இரண்டு குமாரரையும் பறிகொடுத்து வெறுங்கையளாய் ஊர் திரும்புகின்றாள்; மோவாபியப் பெண்ணாகிய மருமகள் ரூத், போகச் சொல்லியும் போகாமல் அவளோடு வருகின்றாள். மகன் கல்யாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவதும், தாய் தன் மகளோடேயே வயோதிப காலத்தைக் கழிப்பதும் நம் ஊர் வழமை. அந்த வழமையிலே வளர்ந்தவனுக்கு, மகள் ஒருத்தி இல்லாத நகோமியின் வறுமை எவ்வளவு ஆழமானது என்பது எவரும் விளக்காமலே தெரியும். மருமகள் மாமியைப் பற்றிக்கொண்டு வந்தாள் என்பது நம் காதுக்கு எத்துணை அபூர்வமாக ஒலிக்கின்றதென்பதும் தெரியும்.

பின்பு ரூத் வயலுக்குக் கதிர் பொறுக்கப் போகின்றாள். அறுவடை செய்வோரின் பின்னாலே சிந்திய கதிர்களைப் பொறுக்கி வயிறு வளர்த்த விதவைப் பெண்களை நம் களவெட்டிகள் நன்கு அறியும். வயலுக்குடையவராகிய போவாஸ் வந்து, இந்தப் பெண் யார் என்று தம் வேலையாட்களின் மேற்பார்வைக்காரனை விசாரிக்கும் இடத்தை வாசிக்கும்போதெல்லாம், வெள்ளைச் சால்வையோடு வரம்பிலே வந்து நின்று முல்லைக்காரனை விசாரிக்கும் ஒரு போடியாரே என் மனக்கண்முன் தோன்றுகின்றார். அவர் செய்தவை யாவும் சிறிய காரியங்கள். அவளைத் தொந்தரவு செய்யலாகாதென்று வாலிபருக்குக் கட்டளையிட்டார். தாகமெடுத்தால் வேலையாட்கள் மொண்டுவைத்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னார். சாப்பாட்டு வேளையில் கூட இருத்தி வறுத்த கோதுமை கொடுத்தார். அவள் பிச்சைக்காரியாய் உணராதவாறு, கதிர்களில் சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடும்படி அறுப்போரிடம் இரகசியமாகச் சொன்னார். வயலின் ஓரத்தைத் தீர அறுக்கக்கூடாது, மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது என்று லேவியராகமமும் உபாகமமும் விதித்த பிரமாணத்தின் மேலேதான் இந்தக் கதை முழுவதும் நிற்கின்றது. சட்டம் கேட்டது வயலின் ஓரத்தை. போவாஸ் கொடுத்தது அதற்கு மேலும்.

இன்று படுவான்கரையில் இயந்திரம் வெட்டுகின்றது. அதன் பின்னால் பொறுக்குவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. யுத்தம் விட்டுப்போன விதவைக் குடும்பங்களோ மிஞ்சியிருக்கின்றன. எனவே அந்த அதிகாரத்தை வாசித்து மூடிய பின்பு, என் வருமானத்தில் நான் தீர அறுக்காமல் விட்டுவைக்கும் ஓரம் எது என்ற கேள்வி மனத்திலே தங்கிவிடுகின்றது. வீட்டுவேலைக்கு வருகின்ற பெண்ணுக்குக் கூலியைக் கொடுக்கும்போதும், சந்தையிலே கீரை விற்கும் கிழவியிடம் பத்து ரூபாவுக்கு வழக்காடும்போதும் அந்தக் கேள்வி எழும்பாவிட்டால், நான் வாசித்தது வாசிப்பே அன்று.

சுவிசேஷங்களைப் பற்றி ஒன்றே சொல்லி அப்பால் செல்கிறேன். அவற்றில் பல காட்சிகள் கலிலேயா ஏரியின் கரையிலே நிகழ்கின்றன. அந்த ஏரியின் நீளம் இருபது கிலோமீற்றரை மட்டுமட்டாகவே தாண்டும். நம் வாவியோ ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. இராமுழுவதும் வலைவீசியும் ஒன்றும் அகப்படாமல், விடிகாலையிலே கரையில் தோணியை விட்டு வலை அலசுகின்ற மனிதரை இயேசுநாதர் சந்தித்ததாக லூக்கா எழுதுவதை, கல்லடிப் பாலத்தடியிலே அதே கோலத்தில் நிற்கும் மனிதரை அன்றாடம் காண்கின்ற நாம் வெறும் கதையாக வாசிக்க முடியாது. மீன்வாடை வீசும் கைகளையுடையோரைத் தேடிச் சென்றே முதற் சீஷராக அழைத்தார் என்பது, தொழிலை வைத்து மனிதரைத் தரம்பிரித்துப் பழகிய நம் சமூகத்தில் அன்றும் இன்றும் கூசவைக்கின்ற செய்தி.

துக்கத்துக்கு வருவோம். 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே, வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளவில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் ஐந்தாந்தேதி கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதிருந்தமையும், நான்கு நாட்களுக்குப் பின்னர் சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் குழந்தைகள் முதல் கிழவர் வரை கொல்லப்பட்டமையும் இந்தப் பிரதேசத்தில் அறியாதார் இல்லை. அத்தகைய துக்கத்தின் முன் பிரசங்கிகள் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லுகின்றார்கள். வேதம் அவ்வாறு அவசரப்படுவதில்லை. நூற்றைம்பது சங்கீதங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்; அவற்றுள்ளும் எண்பத்தெட்டாவது சங்கீதம் கடைசி வரையில் இருளிலேயே நின்று, ஒரு நம்பிக்கைச் சொல்லும் இன்றி முடிகின்றது. அப்படியொரு பிரார்த்தனையை வேதத்துக்குள் வைத்துக் காத்த முன்னோர், அழுகின்றவனை அழவிடுவதும் தேவபக்தியின் பகுதியே என்று அறிந்திருந்தார்கள்.

சாமுவேலின் இரண்டாம் புத்தகத்திலே ரிஸ்பாள் என்றொரு தாய் வருகின்றாள். பெரும்பாலான பிரசங்க மேடைகளில் அவள் பெயரை நான் கேட்டதேயில்லை. அரசியற் காரணத்துக்காக அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வேறு ஐவரும் தூக்கிடப்பட்டுப் புதைக்கப்படாமல் விடப்பட்டபோது, அவள் கன்மலையின்மேல் இரட்டுத்துணி விரித்து உட்கார்ந்து, வாற்கோதுமை அறுப்பின் தொடக்கம் முதல் வானத்திலிருந்து மழை பெய்யும் வரைக்கும், பகலிலே பறவைகளும் இரவிலே மிருகங்களும் அந்த உடல்களை அணுகாதபடி காவல் காத்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாகவும் எழுதப்படவில்லை. அவள் செய்தது அரசனாகிய தாவீதுக்கு எட்டிற்று; அதன் பின்னரே அவன் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்வித்தான். காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு காந்தி பூங்காவிலே உட்கார்ந்திருக்கும் தாய்மாரைத் தாண்டிச் செல்லும்போது, ரிஸ்பாளை வாசித்தவன் அவர்களை இடைஞ்சல் என்று நினைக்கமாட்டான்; அங்கே நின்று ஓரிரு வார்த்தை பேசாமல் போகவும் மாட்டான்.

இவை யாவும் நம்மவரின் துயரத்தைப் பற்றிய வாசிப்பு. இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு. நல்ல சமாரியனின் உவமையைச் சிறுவயதிலிருந்து நாடகமாக நடித்து நடித்து, வழியில் விழுந்தவனுக்கு உதவு என்ற பாலர் பாடமாக அதை நாம் சுருக்கிவிட்டோம். யூதருக்கும் சமாரியருக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகப் பகை இருந்தது. விழுந்தவனின் ஜாதியைச் சேர்ந்த ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, பகையாளியாகிய சமாரியன் இறங்கி, காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்துச் செலவையும் கொடுத்தான் என்பதே கதை. பிறன் யார் என்று கேட்ட நியாயசாஸ்திரிக்கு இயேசுநாதர் நேரே விடை சொல்லாமல், விழுந்து கிடந்தவனுக்குப் பிறனாயிருந்தவன் யார் என்று கேள்வியையே திருப்பிவிட்டார்.

நம் கரையோரத்தில் ஒரு தமிழ்க் கிராமமும் ஒரு முஸ்லிம் கிராமமும் மாறிமாறி அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. 1990 ஆகஸ்ட் 3ஆந்தேதி இரவு, காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21ஆந்தேதி, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று காலையில், நம் நகரத்துச் சீயோன் தேவாலயத்தின் வாசலில் வெடித்த குண்டு ஏறத்தாழ முப்பது உயிர்களைக் குடித்தது. அவர்களிற் பலர் ஞாயிறு பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள். அதன் பின்பு, அந்தக் குண்டுக்கு முஸ்லிம் சமூகம் முழுவதையும் பொறுப்பாக்கி, தீவெங்கும் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற சொல் வாய்க்கு வாய் பரவியது. விசுவாசிகள் என்று தம்மைச் சொல்லிக்கொண்டோரும் அதைப் பரப்பினார்கள் என்பதை நான் வேதனையோடு எழுதுகிறேன். அந்த நாட்களில் லூக்கா பத்தாம் அதிகாரத்தை வாசிப்பது எளிதாக இருக்கவில்லை. வழக்கமாகப் பிடவை வாங்கும் காத்தான்குடிக் கடைக்கு மீண்டும் போவதா, வேண்டாமா என்பதுதான் எனக்கு அந்த உவமை அன்று கேட்ட கேள்வி. போனேன். கடைக்காரர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். இருவருக்கும் வெகுநேரம் பேச்சு வரவில்லை. வேதம் அன்றாட வாழ்க்கைக்கு உதவுமா என்று கேட்போருக்கு, அது இத்தகைய இடங்களிலேதான் உதவுகின்றது, அதுவும் நம் விருப்பத்துக்கு மாறாகவே உதவுகின்றது என்று சொல்வேன்.

வேதத்துக்குள்ளே பயங்கரமான பகுதிகள் இருப்பதை நான் மறைக்கப்போவதில்லை. யோசுவாவின் புத்தகத்தில் பட்டணங்கள் அழிக்கப்படுகின்றன. நூற்றுமுப்பத்தேழாவது சங்கீதம் பாபிலோன் நதியோரத்துக் கண்ணீரோடு தொடங்கி, எதிரியின் குழந்தைகள்மேல் பழிவாங்கும் சொல்லோடு முடிகின்றது. இவற்றைத் தனியே எடுத்து ஆயுதமாக்கியோர் சரித்திரத்தில் உண்டு. அந்நிய ஆட்சியின் நிழலில் வந்த மதம் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை உண்டு. ஆயினும் கோபத்தைக் கையிலே எடுக்காமல் தேவசந்நிதியிலே கொட்டிவிட்ட ஒருவனின் குரலாக அந்தச் சங்கீதத்தை வாசித்தால், முப்பது வருஷ யுத்தத்தைக் கண்ட நமக்கு அதுவும் அந்நியமானதன்று. தனியே இருந்து வாசிப்பவன் தனக்கு வேண்டியதையே கண்டெடுப்பான். கூட இருந்து கேட்போர், அதற்கு மாறாக இன்னொரு அதிகாரம் இருக்கின்றதே என்று நினைவூட்டுவார்கள். புராணப் படிப்பில் ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் நம் பழைய ஒழுங்கிலே இருக்கும் ஞானம் இதுதான்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எந்தச் சமயத்தவராயினும் ஆகுக. இந்த வாரத்தில் ஒரு மாலை, கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ரூத்தின் சரித்திரத்தை முதலிலிருந்து முடிவு வரை உரத்து வாசியுங்கள். அரைமணி நேரங்கூடச் செல்லாது. வீட்டிலே கண்பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் இருத்தி வாசியுங்கள். போவாஸ் செய்தது சரியா என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லுவதை எனக்கும் எழுதியனுப்புங்கள்.